‘அருங்காட்சியகத் தரம்’ எதற்கு உத்தரவாதம்? மத்தீஸின் காகித வெட்டோவியங்களும் அவற்றின் அச்சுப்படிகளும்

பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸ் 1954 நவம்பர் 3 அன்று நீஸ் நகரில் மறைந்தார். படைப்பாளி மறைந்த பின் 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்பது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் சட்டம். அந்தக் கணக்கின்படி அவருடைய படைப்புகளின் மீதான உரிமை 2024ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அங்கே முடிவடைந்தது. 2025 ஜனவரி 1 முதல் அந்நாடுகளில் அவருடைய ஓவியங்களை அச்சிட்டு விற்க எவரிடமும் பதிப்புரிமை அனுமதி பெற வேண்டியதில்லை. வாழ்வின் கடைசி ஆண்டுகளில், வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரியால் வெட்டி அவர் உருவாக்கிய படைப்புகளுக்குச் சுவரில் மாட்டும் அச்சுகளாக நெடுநாளாகவே பெரும் வரவேற்பு உண்டு. இப்போது அவற்றை அச்சிடும் வாசல் மேலும் அகலத் திறந்திருக்கிறது.

ஒரே படைப்பின் அச்சுப்படி ஓரிடத்தில் மலிவான சுவரொட்டியாகவும், இன்னோரிடத்தில் அதைப் போல் பல மடங்கு விலையிலும் கிடைக்கிறது. இரண்டின் கீழும் ‘அருங்காட்சியகத் தரம்’ என்று எழுதியிருந்தால் வாங்குபவர் குழம்பத்தான் செய்வார். அந்தத் தொடர் அதிகபட்சமாகக் காகிதமும் மையும் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அச்சுப்படி மூலத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது, அதை வெளியிடும் உரிமை யாருக்கு இருக்கிறது, அது அரிதானதா என்பவை வேறு வேறு கேள்விகள். காகித வெட்டோவியங்களைப் பொறுத்தவரை இவற்றுள் முதல் கேள்விதான் மிகவும் கடினமானது. ஆனால் அதைத்தான் எவரும் கேட்பதில்லை. தட்டையான நிறங்களும் தெளிவான விளிம்புகளும் கொண்டவை என்பதால், அச்சிடுவதற்கு இவற்றைவிட எளிய ஓவியம் இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் தவறானது. ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ள, இப்படைப்புகள் உருவான விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

வெட்டோவியம் உருவான விதம்

காகிதத்தை வெட்டி ஒட்டுவது மத்தீஸ் தொடங்கி வைத்த வழக்கம் அன்று. 1912இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் செய்தித்தாள், சுவர்க்காகிதம் போன்றவற்றைத் தங்கள் வரைபடங்களின் மீது ஒட்டினார்கள். அந்தக் காகிதங்கள் வெளியுலகிலிருந்து வந்தவை, ஏற்கெனவே அச்சானவை. மத்தீஸின் முறையில் அத்தகைய ஆயத்தக் காகிதத்துக்கு இடமில்லை. அவருடைய உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களின் மீது குவாஷ் வண்ணத்தைத் தூரிகையால் பூசி உலர வைத்தார்கள். குவாஷ் என்பது நிறமித் துகள்களைப் பிசினில் குழைத்துச் செய்த, நீரில் கரையும் வண்ணம். நீர்வண்ணத்தைப் போல அடியில் இருக்கும் தாளைக் காட்டாமல் அதை மூடி மறைக்கும். உலர்ந்த பின் பளபளப்பின்றி மங்கலான பரப்பைத் தரும்.

இவ்வாறு பூசப்பட்ட தாள்களை மத்தீஸ் கத்தரியால் வெட்டினார். வெட்டிய வடிவங்களை உதவியாளர்கள் அவர் சொன்ன இடத்தில் ஊசிகளால் சுவரில் குத்தி வைத்தார்கள். பிறகு அவற்றை இடம் மாற்றுவதும், சிறு துண்டு ஒன்றைச் சேர்த்து விளிம்பை நீட்டுவதும், முழுவதையும் கலைத்து மீண்டும் அடுக்குவதும் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடந்தன. அமைப்பு முடிவான பின்னரே துண்டுகள் நிலையான அடித்தாளில் ஒட்டப்பட்டன.

1930களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பார்ன்ஸ் அறக்கட்டளைக்காக ‘நடனம்’ என்ற பெரும் சுவரோவியத்தைத் திட்டமிடும்போது, உருவங்களை இடம் மாற்றிப் பார்ப்பதற்கான கருவியாகவே அவர் வண்ணக் காகிதத்தைப் பயன்படுத்தினார். 1941இல் குடல் புற்றுநோய்க்காகச் செய்துகொண்ட அறுவை சிகிச்சை அவருடைய உடலை வெகுவாகத் தளர்த்தியது. அதன் பின் அவர் பெரும்பாலும் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருந்தபடியே வேலை செய்தார். அந்த ஆண்டுகளில் கத்தரி படிப்படியாகத் தூரிகையின் இடத்தைப் பிடித்தது. உடல்நலக் குறைவு மட்டுமே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது பாதி உண்மைதான். கோட்டை முதலில் வரைந்து அதற்குள் நிறத்தை நிரப்புவது என்ற இரண்டு படிகளை ஒரே செயலாக்கிவிடும் வழியைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த ஓவியர் அவர். நிறத்தையே நேரடியாக வெட்டுவதைச் சிற்பி கல்லைச் செதுக்குவதோடு அவர் ஒப்பிட்டதன் பொருள் இதுதான்.

இந்தச் செய்முறை, படைப்பின் உடலில் நான்கு தடயங்களை விட்டுச் செல்கிறது.

1. ஒவ்வொரு தாளும் கையால் பூசப்பட்டது என்பதால், ஒரே நீலத்துக்குள்ளும் தூரிகை சென்ற திசை தெரியும். வண்ணம் ஓரிடத்தில் அடர்ந்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் இருக்கும். தொலைவிலிருந்து தட்டையாகத் தோன்றும் நிறத்துக்கு அருகில் சென்றால் அசைவு உண்டு.

2. கத்தரி திரும்பிய இடங்களில் விளிம்பு சற்றே முறியும். வளைவு வழுக்கிச் செல்லும் இடமும், கை தயங்கிய இடமும் வேறுபட்டுத் தெரியும்.

3. துண்டின் மேல் துண்டு ஒட்டியிருப்பதால் காகிதத்தின் கனம் ஒரு மெல்லிய நிழலை உண்டாக்கும். ஊசித் துளைகள் பல படைப்புகளில் இன்றும் இருக்கின்றன. 1952இல் உருவான நான்கு ‘நீல நிர்வாண உருவங்க’ளில் நான்காவதில், திருத்தித் திருத்தி வரைந்த கரிக்கோடுகள் கூட அழிக்கப்படாமல் நிற்கின்றன.

4. அளவு. லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள ‘நத்தை’ (1953) ஏறக்குறைய 286 சென்டிமீட்டர் உயரமும் 287 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள ‘நீச்சல் குளம்’ (1952) 16 மீட்டருக்கும் மேல் நீண்டு, ஓர் அறையின் சுவர்களைச் சுற்றி ஓடுவது.

இந்த நான்கும் ஓவியத்தின் மேல் தற்செயலாகப் படிந்த அழுக்குகள் அல்ல. பார்வையாளர் அந்தப் படைப்பின் முன் நின்று உணரும் உயிர்ப்பு பெருமளவு இவற்றிலிருந்தே வருகிறது.

முதல் குறையை மத்தீஸே கண்டார்

வெட்டோவியங்களை அச்சிடுவதில் உள்ள சிக்கலை முதலில் உணர்ந்தவர் அவற்றை உருவாக்கியவரே. 1943, 1944 ஆண்டுகளில் அவர் வெட்டி அமைத்த 20 படங்கள், 1947இல் பதிப்பாளர் தேரியாத் வெளியிட்ட ‘ஜாஸ்’ என்ற நூலாயின. நட்சத்திரங்களுக்கு நடுவே செந்நிற இதயத்தோடு விழும் கரிய உருவமான ‘இக்காரஸ்’ இந்நூலில் உள்ள படங்களில் ஒன்று. விற்பனைக்கு 250 எண்ணிட்ட பிரதிகளும், எழுத்துப் பகுதி இல்லாமல் படங்கள் மட்டும் கொண்ட 100 தொகுப்புகளும் அச்சாயின.

அச்சிடத் தேர்ந்தெடுத்த முறை போஷுவார் எனப்படும் ஸ்டென்சில் முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு வெட்டி, அதன் திறப்பின் வழியாகக் கையால் வண்ணம் பூசுவது இதன் அடிப்படை. எட்மோன் வைரெலின் பட்டறை இப்பணியைச் செய்தது. மூலத் தாள்களில் பூசியிருந்த அதே நிறுவனத்தின் குவாஷ் வண்ணங்களே அச்சுக்கும் பயன்படுத்தப்பட்டன. நிறம் ஒன்றே, பூசும் முறையும் கைமுறையே, மேற்பார்வையில் ஓவியரே இருக்கிறார். ஒரு மறுபதிப்புக்கு இதைவிடச் சாதகமான சூழல் அமைவது அரிது.

இருந்தும் நூல் கைக்கு வந்தபோது மத்தீஸ் ஏமாற்றமடைந்தார். வெட்டிய துண்டுகள் ஒன்றன் மீதொன்றாக ஒட்டியிருந்தபோது இருந்த நுண்ணுணர்வு, எல்லாம் ஒரே தளத்தில் படிந்த அச்சில் காணாமல் போய்விட்டது என்று 1947 டிசம்பரில் நண்பர் ரூவேருக்கு எழுதிய கடிதத்தில் அவர் வருந்தினார். ‘ஜாஸ்’ பின்னாளில் 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த ஓவிய நூல்களுள் ஒன்றாகக் கொண்டாடப்பட்டது. அந்தப் புகழுக்கு அது முற்றிலும் தகுதியானது. ஆனால் அவருடைய வருத்தம் ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்கிறது: நிறத்தை மிகச் சரியாகப் பிடித்துவிட்டாலும் படைப்பின் பரப்பு கைநழுவிப் போகலாம். இன்றைய அச்சுப்படிகளை மதிப்பிடும் எவரும் இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த ஏமாற்றத்தால் அவர் அச்சையே கைவிட்டுவிடவில்லை. 1946இல் பாரிஸ் வீட்டுச் சுவரில் வெள்ளைக் காகித வடிவங்களைக் குத்தி அமைத்த ‘ஓசியானியா, வானம்’, ‘ஓசியானியா, கடல்’ என்ற இரண்டும், லண்டனைச் சேர்ந்த ஸீகா ஆஷரால் லினன் துணியில் திரை அச்சாக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 30 பிரதிகளாக வெளிவந்தன. சுவரின் மணல் நிறத்துக்கு ஏற்பத் துணிக்குச் சாயமேற்றப்பட்டது. அங்கே அச்சு மூலத்தின் நகலாக இருக்க முயலவில்லை. துணி என்ற வேறொரு பொருளில் தனக்கான வடிவத்தைப் பெற்றது.

இன்று கிடைக்கும் அச்சு வகைகள்

விற்பனைக் குறிப்புகளில் காணப்படும் பெயர்கள் பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றுள் ஒன்றையே குறிக்கின்றன.

1. ஸ்டென்சில் அச்சு. மேலே விளக்கியது. இன்று மிக அரிதாகவே செய்யப்படுகிறது. ‘ஜாஸ்’ நூலின் 1947 தாள்கள் ஏலச் சந்தையைச் சேர்ந்தவை. சுவர் அலங்கார அச்சுகளோடு அவற்றை ஒப்பிட இடமில்லை.

2. திரை அச்சு. நெய்த திரையின் வழியாக மையை அழுத்தித் தள்ளும் முறை. மை கனமான, ஒளி ஊடுருவாத படலமாகப் படிவதால் குவாஷின் உடல்தன்மைக்கு ஓரளவு நெருங்கி வரும். ஆனால் தூரிகைத் தடங்கள் இதில் அநேகமாக மறைந்துவிடும்.

3. கல்லச்சு, அதாவது லித்தோகிராஃப். கல்லின் மீது வரைந்த படத்திலிருந்து அச்சிடும் முறை. 1958இல் தேரியாதின் ‘வெர்வ்’ இதழ், மத்தீஸின் கடைசிப் படைப்புகளுக்கென வெளியிட்ட சிறப்பிதழில் வெட்டோவியங்கள் பாரிஸின் மவுர்லோ அச்சகத்தில் கல்லச்சாக்கப்பட்டன. இந்த இதழிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள் ‘மத்தீஸ் லித்தோகிராஃப்’ என்ற பெயரில் இன்றும் விற்கப்படுகின்றன. அவை பழமையானவை, அழகானவை. ஆனால் மத்தீஸ் கல்லின் மீது தாமே வரைந்தவை அல்ல. அவருடைய படைப்பைப் பார்த்து மற்றவர்கள் உருவாக்கி, அவர் மறைவுக்குப் பின் வெளியானவை. நேர்மையான விற்பனையாளர் இதை வெளிப்படையாகச் சொல்வார்.

4. ஆஃப்செட் சுவரொட்டி. நான்கு மைகளின் நுண்புள்ளிகளால் எல்லா நிறத்தையும் உருவாக்கும் வணிக அச்சு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் பூவிதழ் போன்ற ஒழுங்கில் தெரியும். கண்காட்சிச் சுவரொட்டிகள் பெரும்பாலும் இவ்வகையே.

5. நிறமி இங்க்ஜெட் அச்சு. ‘ஜிக்ளே’ என்ற பெயரில் விற்கப்படுவதும் இதுவே. 1991இல், கலிஃபோர்னியாவின் நாஷ் எடிஷன்ஸ் அச்சகத்தில் பணியாற்றிய ஜாக் டுகான், கணினி அச்சுக்குக் கலைப் பொருளுக்குரிய மதிப்பைத் தரும் நோக்கில் அப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அக்காலத்து ஐரிஸ் அச்சுப்பொறிகளில் பயன்பட்ட சாய மைகள் விரைவாக வெளிறின. பிறகு வந்த நிறமி மைகளே இம்முறையை நம்பத்தக்கதாக்கின. ‘அருங்காட்சியகத் தரம்’ என்ற தொடர் ஏறத்தாழ எப்போதும் இந்த ஐந்தாம் வகையோடுதான் ஒட்டிக்கொண்டு வருகிறது.

காகிதமும் மையும்

அத்தொடருக்குச் சட்டப்படியான வரையறை கிடையாது. அதைச் சரிபார்த்து முத்திரையிடும் அமைப்பும் இல்லை. ஆயினும் பொறுப்போடு அதைப் பயன்படுத்தும் அச்சகங்கள் மூன்று பொருள்களை மனத்தில் கொண்டே பேசுகின்றன. அவற்றைச் சோதித்துப் பார்க்க முடியும்.

முதலாவது மை. சாய மையில் நிறப்பொருள் திரவத்தில் மூலக்கூறுகளாகக் கரைந்திருக்கும்; ஒளி அந்த மூலக்கூறுகளைத் தனித்தனியே தாக்கிச் சிதைக்கும். நிறமி மையில் நிறப்பொருள் கரையாத திண்மத் துகள்களாக மிதக்கும். துகளின் வெளிப்புற மூலக்கூறுகள் சிதைந்தாலும் உள்ளிருப்பவை நிறத்தைக் காத்து நிற்பதால், அது நெடுங்காலம் தாங்கும்.

இரண்டாவது காகிதம். மரக்கூழிலிருந்து செய்யும் மலிவான தாளில் லிக்னின் என்ற பொருள் எஞ்சியிருக்கும். அது ஒளியோடும் காற்றோடும் வினைபுரிந்து தாளை மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும். பழைய செய்தித்தாளுக்கு நேர்வது இதுதான். பருத்தி இழைக் காகிதத்தில் லிக்னின் இல்லை. நன்கு தூய்மைப்படுத்திய மரக்கூழிலும் அது மிகக் குறைவு. நீடித்து நிலைக்கும் காகிதத்துக்கான ஐ.எஸ்.ஓ. 9706 என்ற பன்னாட்டுத் தரநிலை, பின்னாளில் உருவாகும் அமிலத்தைச் சமன்செய்ய, 2 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டுக்கு நிகரான காரக் கையிருப்பு தாளில் இருக்க வேண்டும் என்கிறது. ‘அமிலமற்றது’ என்று மட்டும் சொல்லப்படும் தாளில் இந்தக் கையிருப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனவே தரநிலையின் எண்ணைக் கேட்பதே பயனுள்ளது.

மூன்றாவது ஒளிர்வூட்டிகள். புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக வெளிவிட்டு, தாளை அதிக வெண்மையாகக் காட்டும் வேதிப்பொருள்கள் இவை. நாளடைவில் இவற்றின் செயல் குன்றும்போது தாள் மஞ்சளாகத் தோன்றும். மற்ற ஓவியங்களைவிட வெட்டோவியங்களுக்கு இது கூடுதல் கேடு. காரணம், மத்தீஸின் அமைப்புகளில் வெள்ளை வெறும் பின்னணி அன்று. நீல உடலின் கைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து வடிவத்தைத் தீர்மானிப்பதே அந்த வெள்ளைதான். அதன் நிறம் திரிந்தால் மொத்த அமைப்பின் சமநிலையும் திரியும்.

‘100 ஆண்டு நிலைக்கும்’, ‘200 ஆண்டு நிலைக்கும்’ என்ற வாக்குறுதிகளுக்கு அடிப்படை, கடும் ஒளியில் குறைந்த காலத்தில் நடத்தும் சோதனைகள். இத்துறையில் பெயர்பெற்ற வில்ஹெம் சோதனைக் கூடம், நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் (ஒளியின் செறிவை அளக்கும் அலகு) ஒளி விழும் என்று வைத்துக்கொண்டு ஆண்டுகளைக் கணக்கிடுகிறது. அப்படியானால் ஓர் ஆண்டு என்பது ஏறக்குறைய 20 லட்சம் லக்ஸ்-மணி ஒளி. வெட்டவெளியின் நேரடி வெயில் 1 லட்சம் லக்ஸைத் தொடக்கூடியது. அந்த வெயிலில் 20 மணி நேரம் கிடந்தாலே சோதனைக் கணக்கின் ஓர் ஆண்டு கழிந்துவிடும். மாறாக, காகிதப் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக அனுமதிப்பது 50 லக்ஸ் அளவே. ஆகவே அச்சுப்படியின் ஆயுளைத் தீர்மானிப்பதில், அது தொங்கும் சுவருக்கும் அதை அச்சிட்ட மைக்கும் சம பங்கு உண்டு.

நிறம், பரப்பு, அளவு

இதுவரை சொன்னவை எல்லாம் சரியாக அமைந்தாலும், தவறான படத்தை நூறாண்டு காலம் நிலைக்கும்படி அச்சிட்டுவிட முடியும். இங்கேதான் ஒப்புமை என்ற கேள்வி எழுகிறது.

நிறத்தில் உள்ள முதல் தடை, அச்சு மைகளால் உருவாக்கக்கூடிய நிறங்களின் வரம்பு. நான்கு மை ஆஃப்செட் அச்சு, மத்தீஸின் அடர் நீலத்தையும் பளீரென்ற ஆரஞ்சையும் எட்டுவதில் திணறுகிறது. எட்டு முதல் பன்னிரண்டு மைகள் கொண்ட இங்க்ஜெட் பொறிகள் மேலும் நெருங்கி வருகின்றன. ஆனால் பளபளப்பற்ற தாளில் இந்த வரம்பு சுருங்குகிறது. குவாஷ் பளபளப்பற்றது என்பதால் அதன் தோற்றத்துக்குப் பளபளப்பற்ற தாளே பொருந்தும். நிறத்தின் செறிவுக்கோ பளபளப்பான தாளே உதவும். இந்த முரணில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பரப்பைக் காப்பாற்றிக்கொண்டு நிறத்தில் சிறிதளவு விட்டுக்கொடுப்பதே சரியான தேர்வு என்பது என் கருத்து. பளபளக்கும் ‘நீல நிர்வாண உருவம்’ முதல் பார்வையிலேயே பொய்யாகத் தெரிகிறது.

அடுத்தது படமெடுக்கும் முறை. வெட்டோவியத்தை இருபுறமும் சமமான ஒளியில் படமெடுத்தால் நிறம் சீராகப் பதிவாகும். விளிம்பின் நிழல் மறைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து ஒளியைச் சற்றே கூட்டினால் காகிதத்தின் கனம் தெரியும். நிறம் ஓரிடத்துக்கு ஓரிடம் மாறும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைக் காண்பதில்தான் படமெடுப்பவரின் திறன் இருக்கிறது. படத்தின் நுணுக்கமும் போதிய அளவு வேண்டும்: 60 சென்டிமீட்டர் அகல அச்சில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டுமென்றால், கோப்பு ஏறக்குறைய 7,100 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். இணையப் பக்கத்திலிருந்து எடுத்த சிறிய படத்தைப் பெருக்கிச் செய்யும் அச்சில் தூரிகைத் தடம் இருந்த இடத்தில் வெறும் மசமசப்பே எஞ்சும்.

இந்தக் குறையை மறைக்கப் பரவலாகக் கையாளப்படும் உத்தி, வடிவங்களைக் கணினியில் புதிதாக வரைந்து ஒரே சீரான நிறத்தால் நிரப்புவது. விளிம்பு கூர்மையாக இருக்கும், எந்த அளவுக்கும் பெருக்கலாம், கோப்பும் சிறிது. ஆனால் கத்தரி திரும்பி விளிம்பு முறிந்த இடங்களும், தூரிகையின் திசையும், ஒட்டுத் துண்டுகளும் அதில் இருக்காது. மத்தீஸ் 1947இல் வருந்திய இழப்பின் கடைசி எல்லை இது. இன்னும் ஒரு படி மேலே போய், அவர் ஒருபோதும் வெட்டாத இலைகளையும் உருவங்களையும் வரைந்து, கீழே அவர் பெயரையும் ஏதோ ஓர் ஆண்டையும் பொறித்துக் கண்காட்சிச் சுவரொட்டி போல விற்பவர்களும் இருக்கிறார்கள். இதை அலங்காரம் என்று விட்டுவிடலாகாது. ஒரு கலைஞரின் கடைசி ஆண்டுகளின் உழைப்பைப் பற்றிய பொய்த் தகவலைப் பரப்பும் செயல் இது. படைப்பின் பெயர், ஆண்டு, மூலம் இருக்கும் அருங்காட்சியகம் ஆகிய மூன்றையும் சரிபார்த்தால் இத்தகையவை பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அளவைப் பொறுத்தவரை சமரசம் தவிர்க்க முடியாதது. ‘நத்தை’யை 60 சென்டிமீட்டர் சதுரமாக்கினால் பரப்பளவில் இருபத்து மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும், ‘நீச்சல் குள’த்தை ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுருக்கினால், சுற்றிலும் நீந்தும் உருவங்களுக்கு நடுவே நிற்கும் அனுபவம் முற்றிலும் போய்விடும். இதற்கு மாறாக, ‘நீல நிர்வாண உருவங்கள்’ மூலத்திலேயே ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் உயரம் கொண்டவை. ‘ஜாஸ்’ படங்களோ நூலின் பக்க அளவுக்கென்றே அமைந்தவை. இவற்றை மூல அளவிலோ அதற்கு அருகிலோ அச்சிடலாம். அச்சுப்படிக்குப் படைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேறுபாட்டுக்கு முதலிடம் தர வேண்டும்.

மூலமும் மாறிக்கொண்டிருக்கிறது

எந்த நிறத்தோடு ஒப்பிட்டு அச்சைச் சரியென்று சொல்வது என்ற கேள்விக்கும் எளிய பதில் இல்லை. ‘நீச்சல் குளம்’ மத்தீஸின் நீஸ் நகர வீட்டு உணவறையில், மணல் நிறச் சணல் துணி போர்த்திய சுவரில், வெள்ளைக் காகிதப் பட்டையின் மீது நீல உருவங்களாக உருவானது. நியூயார்க் அருங்காட்சியகம் 1975இல் அதைப் பெற்றது. காலப்போக்கில் சணல் துணி கருத்துப் பழுப்பேற, நீலம், வெள்ளை, மணல் நிறம் ஆகியவற்றுக்கு இடையே இருந்த உறவே குலைந்தது. 2008இல் தொடங்கிய பாதுகாப்புப் பணியில் உருவங்கள் பழைய துணியிலிருந்து மிகுந்த கவனத்தோடு பிரிக்கப்பட்டு, மூல நிறத்துக்கு ஒப்பான புதிய துணியில் பொருத்தப்பட்டன. 2014இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் நடந்த மாபெரும் வெட்டோவியக் கண்காட்சியின் நியூயார்க் பகுதியில் அது மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது.

இப்பணிக்கு முன் எடுத்த படத்திலிருந்து செய்த அச்சும் பின் எடுத்த படத்திலிருந்து செய்த அச்சும் பின்னணி நிறத்தில் வேறுபடும். இரண்டுமே ‘மூலத்துக்கு உண்மையானவை’ என்று விற்கப்படலாம். கோப்பு எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பது தெரிந்தால்தான் அந்தக் கூற்றுக்குப் பொருள் உண்டு.

உரிமை யாருடையது

ஓர் ஓவியத்தை உடைமையாக வைத்திருப்பதும் அதன் பதிப்புரிமையை வைத்திருப்பதும் வேறு வேறு. ‘நத்தை’ டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருந்தபோதும், உரிமைக் காலம் முடியும்வரை அதை அச்சிட மத்தீஸின் வாரிசுகளது அமைப்பின் அனுமதி தேவைப்பட்டது. இப்போதைய நிலையைப் பின்வருமாறு பிரித்துப் பார்க்கலாம்.

1. மறைவுக்குப் பின் 70 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ கணக்கிடும் நாடுகளில் உரிமைக் காலம் முடிந்துவிட்டது.

2. அமெரிக்காவில் அக்காலத்தில் வெளியான படைப்புகளுக்கு, வெளியீட்டு ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்ற கணக்கு உண்டு. 1947இல் வெளிவந்த ‘ஜாஸ்’ அங்கே 2042 இறுதிவரை பாதுகாக்கப்படுகிறது. ஆகவே ஒரு நாட்டில் சட்டப்படி அச்சான படி, இன்னொரு நாட்டுக்கு அனுப்பப்படும்போது சிக்கலுக்கு உள்ளாகலாம்.

3. உரிமை முடிந்த ஓவியத்தை உள்ளபடியே நகலெடுத்த புகைப்படத்துக்குப் புதிய உரிமை கோர முடியாது என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 பதிப்புரிமை நெறிமுறை தெளிவாக்கியிருக்கிறது. நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1999இல் இதே திசையில் தீர்ப்பளித்தது.

4. பிரெஞ்சுச் சட்டத்தில் படைப்பாளியின் தார்மிக உரிமைக்குக் காலவரம்பு இல்லை. படைப்பைச் சிதைப்பதையும், படைப்பாளியின் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதையும் வாரிசுகள் இன்றும் எதிர்க்கலாம்.

உரிமைக் காலம் முடிந்தது நல்ல செய்தியே. சிறந்த படைப்புகள் எல்லோர் வீட்டுச் சுவருக்கும் வருவதை யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் இதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு அனுமதி தரும் அமைப்பு அச்சின் நிறத்தையும் ஓரங்கள் வெட்டப்பட்ட விதத்தையும் பார்த்து ஒப்புதல் தர இடமிருந்தது. பதிப்புரிமை முடிந்த நாடுகளில் அந்தச் சல்லடை இல்லை. தரத்தைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

எண்ணும் கையொப்பமும்

அச்சின் ஓரத்தில் ‘12/250’ என்று பென்சிலால் எழுதியிருந்தால் 250 பிரதிகளில் பன்னிரண்டாவது என்று பொருள். தகடு தேய்ந்துபோகும் முறைகளில் இதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. கணினிக் கோப்பு தேய்வதில்லை. எனவே இங்க்ஜெட் அச்சில் அந்த எண், இதற்கு மேல் அச்சிடமாட்டோம் என்ற வெளியீட்டாளரின் வாக்குறுதி மட்டுமே. அதே படத்தை வேறொருவர் வேறோர் அளவில் நாளையே வெளியிடுவதை அது தடுக்காது. உரிமைக் காலம் முடிந்த படைப்புக்கு ‘வரம்புக்குட்பட்ட பதிப்பு’ என்று கூடுதல் விலை வைப்பதில் நியாயம் குறைவு.

அச்சுக்குள் காணப்படும் மத்தீஸின் கையொப்பம், மூலத்தில் இருந்ததன் படமே. அது நேரடிக் கையொப்பம் ஆகாது. ‘நம்பகச் சான்றிதழ்’ என்று இணைத்துத் தரும் தாள், இந்த அச்சை இந்த நிறுவனம் அச்சிட்டது என்பதற்கு மட்டுமே சான்று. பயனுள்ள சான்றிதழில் காகிதத்தின் பெயரும் எடையும், மையின் வகை, அச்சிட்ட ஆண்டு, படக்கோப்பு கிடைத்த இடம் ஆகியவை இருக்கும். இவற்றைக் கேட்டுச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம், தாளில் எந்த முத்திரை இருந்தாலும் வாங்காமலிருப்பதே மேல்.

சுவரில் மாட்டும்போது

நல்ல அச்சையும் சட்டமிடும் முறை கெடுத்துவிடக்கூடும். அச்சு கண்ணாடியைத் தொடக் கூடாது. ஈரப்பதத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவே வைக்கும் அட்டையும் பின் அட்டையும் லிக்னின் இல்லாதவையாக இருக்க வேண்டும். இல்லையெனில் பருத்தித் தாளுக்குச் செலவிட்டது வீண், ஏனெனில் அட்டையின் அமிலம் நாளடைவில் தாளுக்குள் இறங்கிவிடும். சூட்டால் பலகையோடு முழுமையாக ஒட்டிவிடும் முறையைத் தவிர்த்து, மெல்லிய ஜப்பானியக் காகிதக் கீல்களையும் மாவுப் பசையையும் கொண்டு மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட்டால், தேவைப்படும்போது சேதமின்றிப் பிரித்தெடுக்கலாம். புற ஊதாக் கதிரை வடிக்கும் கண்ணாடியோ அக்ரிலிக்கோ உதவும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைச் சிதைக்கும் என்பதால், ஜன்னலுக்கு எதிரே மாட்டுவதற்கு அது மாற்று ஆகாது.

வெட்டோவியங்களுக்கு மட்டும் உரிய ஒரு குறிப்பும் உண்டு. சட்டத்துக்குள் அடங்கும்படி அச்சின் வெள்ளை ஓரத்தைக் குறுக்குவது, மற்ற ஓவியங்களைவிட இவற்றுக்கு அதிகத் தீங்கு செய்யும். வடிவங்களுக்கும் விளிம்புக்கும் இடையிலான தூரத்தை மத்தீஸ் சுவரில் ஊசியை இடம் மாற்றி மாற்றிக் கண்டடைந்தார். ‘நத்தை’யை ஒட்டுவதற்காகப் பாரிஸுக்கு அனுப்பும் முன், ஒரு துண்டும் இம்மியும் நகராதிருக்க அதன் அமைப்பு முழுவதும் படியெடுத்து வைக்கப்பட்டது. அச்சுப்படியின் விகிதம் மூலத்தின் விகிதத்தோடு பொருந்துகிறதா என்பதை அருங்காட்சியகம் வெளியிட்டுள்ள அளவுகளோடு ஒப்பிட்டு எவரும் சில நிமிடங்களில் சரிபார்க்கலாம். விகிதம் பொருந்தவில்லை என்றால் ஏதோ ஓர் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த அச்சின் தாளையும் மையையும் பற்றி மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை.